கேஜில் இறங்கிய சீத்தாக்காய்

ஐப்பசியை அனுபவிக்கத் தெரியாதவன் மாரிகுப்பத்தில் இருந்து என்ன பயன் என்று நான் கேட்பது வழக்கம். கேட்டதும் சண்டைக்கு வருவார்கள். தூசியும் தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் மாற ஊதுகிற சங்குச் சத்தமும் தவிர இங்கே என்ன இருக்கிறது என்பார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. அந்த மாதத்தில் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலில் வந்து நிற்கச் சொல்வேன், அவ்வளவுதான்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. முதல் ஷிப்ட். விடிகிற நேரத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே இறங்கினால், மதியம்தான் மேலே வருவேன். கீழே போகப் போகச் சூடு. நாங்கள் வெட்டுகிற ஆழத்தில், எங்கள் லெவலில், கோவணமும் தலைத்துண்டும் தவிர உடம்பில் எதுவும் தங்காது. மெழுகுவத்தி தானாகவே வளைந்து தலை கவிழும். அப்படி எட்டு மணி நேரம் வெந்தவன் மேலே வந்து கேஜ் கதவு திறக்கும்போது, ஈர மண் வாசனையோடு ஒரு காற்று வந்து நெஞ்சில் அடிக்கும் பாருங்கள், அதற்கு ஈடு எதுவும் இல்லை. மற்றவர்கள் வீட்டுக்கு ஓடுவார்கள். நான் வேர்வை காய்கிறவரை அங்கேயே நிற்பேன். எனக்குப் பைத்தியம் என்று ஒரு பேச்சு இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த மாதத்தில் செய்ய வேண்டியவை என்று எனக்குச் சில உண்டு. மழை விட்ட ஞாயிற்றுக் காலையில் தொழிலாளர் வீட்டு லைனுக்குப் பின்னால் இருக்கிற கரட்டில் ஏறி, வெயிலில் சுட்டுக்கொண்டிருக்கும் பாறையில் முதுகைச் சாய்க்க வேண்டும். சரிவு முழுக்க ஆவாரம்பூ மஞ்சளாக நிற்கும். மேலே தும்பிகள் கூட்டமாகச் சுற்றும். பனி இறங்கும் நாட்களில் பாய்லரிலிருந்து வெந்நீர் வெளியே ஓடுகிற வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். கடலை பிடுங்கிப்போன நிலத்தில் மண்ணைக் கிளறித் தப்புக்கடலை பொறுக்கித் தின்ன வேண்டும். கரட்டில் சீத்தாக்காய் செதில் விலகிக் கண் திறந்ததும் பறித்துப் பழுக்க வைக்க வேண்டும். இதற்கெல்லாம் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

இவ்வளவு ஞானத்தோடு இருந்த எனக்கு, அந்த வருஷம் ஆவணியில் கல்யாணம் ஆயிற்று. பாலாற்றங்கரை ஊரிலிருந்து வந்த பெண். புரட்டாசி பாதியில் மாரிகுப்பத்துக்கு அழைத்து வந்தேன். ரயிலை விட்டு இறங்கியவள் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். புகைபோக்கி, கல் இடிக்கிற மில், வரிசை வரிசையாக மூங்கில் தட்டி வீடுகள்.

"இன்னா ஊருங்க இது? ஒரு தென்னமரம் கூட இல்ல" என்றாள்.

அவள் கொண்டுவந்த துணி மூட்டையை வீட்டு மூலையில் வைத்தாள். அன்று வைத்தது வைத்ததுதான். அதை அவள் பிரித்துத் துணிகளைக் கொடியில் போடவே இல்லை. ஒரு புடவை வேண்டுமென்றால் முடிச்சை அவிழ்த்து எடுப்பாள், உடனே திரும்ப முடிந்துவிடுவாள். ரயிலுக்குக் காத்திருக்கிறவள் போலவே ஒரு மாதம் என் வீட்டில் குடித்தனம் செய்தாள்.

ஐப்பசி பிறந்த அன்று விஷயத்தைச் சொல்லிவிட்டாள். தலைதீபாவளிக்கு அழைத்துப்போக அவள் அப்பா வருவார். இருவரும் போவோம். "நீங்க திரும்பி வந்துடுங்க. நான் அங்கியே இருந்துக்கறேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, உப்புத் தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி சொன்னாள். ஏன் என்று கேட்டேன்.

"புருசன் பூமிக்குள்ள பூந்துக்கறான். மேல கீறவளுக்கு, சங்கு ஊதற வரைக்கும் வயித்துல நெருப்பு. நைனா ஊர்ல இருந்தா அது தெரியாது" என்றாள்.

வேறு வேலை எனக்குத் தெரியாது. சொந்த ஊரில் நிலமும் கிடையாது. தீபாவளி வரைக்கும் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் இந்த ஊர் அவளுக்குப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் தனியாகத் திரும்பி வர வேண்டும். ஊர் முழுக்கச் சிரிக்கும். அதைவிட, அந்த வீட்டுக்குள் தனியாக நுழைவதை நினைத்தபோதே எனக்குத் துக்கமாக இருந்தது. ஆனாலும் மனம் தளரவில்லை. ஐப்பசி என் கட்சி என்று நம்பினேன்.

முதலில் பாய்லர் வாய்க்காலைக் காட்டினேன். மைன் கழித்துவிட்ட தண்ணீரில் காலை வைப்பேனா என்று முகத்தைச் சுளித்தாள். இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா என்னை வழியில் நிறுத்தினாள். "உன் பொண்டாட்டி காலையில வந்து வாய்க்கால்ல காலை வுட்டுகினு ஒக்காந்துட்டா, எழுந்திரிக்கவே மாட்டேங்கறா. எங்களுக்கு எடம் வேணாவா?" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஒன்றும் தெரியாதவன் போல இருந்தேன்.

அடுத்த ஞாயிறு தப்புக்கடலை. நான் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தேன். அவள் சற்று நேரம் பார்த்துவிட்டுக் குச்சியைப் பிடுங்கினாள். "ஊர்ல நாங்க வெதைக்கறவங்க. எங்க தப்பும்னு எங்களுக்குத் தெரியாதா?" என்று வரப்போரமாகப் போய்க் கிளற ஆரம்பித்தாள். நான் ஒரு பிடி சேர்ப்பதற்குள் மடி நிறையக் கொண்டுவந்து கொட்டினாள். அன்று முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். தோற்றதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மூலையைப் பார்த்தேன். மூட்டை முடிந்தபடியே இருந்தது.

அதே நாள் கரட்டிலிருந்து சீத்தாக்காய் பறித்து வந்திருந்தோம். எல்லாம் நன்றாக முற்றியவை. கேழ்வரகுப் பானைக்குள் புதைத்து வைத்தாள். அந்த வாரம் பார்த்துப் பிடித்துக்கொண்டது குளிர். சூரியன் தலைகாட்டவில்லை. தட்டி வீட்டில் நாலு பக்கமும் காற்று. நாள்தோறும் நான் பானைக்குள் கையை விட்டு அமுக்கிப் பார்த்தேன். கல்லாகவே இருந்தன. ஏழாம் நாள் எடுத்தால் எல்லாம் கறுத்து வெம்பிக் கிடந்தன.

அவள் ஒரு காயைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள். "இந்த ஊர்ல பழங்கூட பழுக்காதா?" என்றாள். பிறகு எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போட்டாள்.

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஊரைச் சொன்னது சுருக்கென்று தைத்தது. அவள் அப்பா வெள்ளிக்கிழமை காலை ரயிலுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நடுவில் நான்கு நாள்தான். அன்று மாலையே தனியாகக் கரட்டில் ஏறினேன். முள்ளில் கை கிழிய ஏழு காய் பறித்தேன். பழுக்க வைக்கச் சூடு வேண்டும், அவ்வளவுதானே? சூடு எங்கே இருக்கிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

திங்கட்கிழமை சோற்றுத் தூக்கோடு அந்த ஏழு காய்களையும் துண்டில் கட்டிக்கொண்டு கேஜில் ஏறினேன். எங்கள் லெவலில் வேலை நின்றுபோன ஒரு பழைய சுரங்கப் பாதை இருந்தது. உள்ளே ஓர் ஆள் கூட வரமாட்டான். கேழ்வரகுத் தாளைப் போட்டு ஒரு கோணிப்பையில் காய்களை வைத்து, எலிக்கு எட்டாமல் முட்டுக் கட்டையில் தொங்கவிட்டேன். செவ்வாய்க்கிழமை காய்கள் இளகின. புதன்கிழமை அந்தப் பாதை முழுக்க வாசனை. கூட வேலை செய்தவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"இன்னாடா, தங்கம் வெட்டச் சொன்னா தோட்டம் போட்டுகினு கீற?" என்று ஒருவர் கேட்டார். வெடிமருந்துப் புகையிலும் வேர்வை நாற்றத்திலும் உழல்கிற எங்களுக்கு அந்த வாசனை பெரிய விஷயம். வெட்டுகிற வேலையை விட்டுவிட்டு ஆளுக்கு ஒரு முறை வந்து முகர்ந்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பழங்களை எடுத்தேன். தொட்டால் விரல் பதிந்தது. மூன்றைத் தூக்குக்குள் வைத்து, நான்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு மேலே வந்தேன். அன்று காற்றுக்காகக் கூட நிற்கவில்லை. நேராகக் கேட்டுக்குப் போனேன்.

எங்கள் கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழே இறங்குகிறவனை யாரும் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். கீழே எதைக் கொண்டுபோய் என்ன செய்யப் போகிறான்? மேலே வருகிறவனை மட்டும் கொட்டகைக்குள் நிறுத்தி, கோவணம் வரைக்கும் அவிழ்க்கச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லி, வாயைத் திறக்கச் சொல்லி, குடுமியைக்கூட அவிழ்த்து உதறிப் பார்ப்பார்கள். தங்கக் கல் ஒன்று போனாலும் காவல்காரருக்கு வேலை போகும். தினமும் அந்தக் கொட்டகைக்குள் கையைத் தூக்கி நிற்கிறவன் நான். காய்களைக் கீழே கொண்டுபோகும்போது ஒருத்தரும் கேட்கவில்லை என்பதால், மேலே கொண்டுவரும்போதும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், கேட்டைப் பற்றி நினைக்கவே இல்லை.

காவல்காரர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. துண்டைத் தடியால் விலக்கினார்.

"இன்னாது இது?"

"சீத்தாப்பழங்க."

"எங்கருந்து கொண்டாந்த?"

"கீழருந்துங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பூமிக்குள்ள சீத்தாமரம் கீதா?" என்றார். சொல்லிக்கொண்டே ஒரு பழத்தைக் கல்லின் மேல் வைத்துத் தடியால் ஒரு போடு போட்டார். பழம் சிதறியது. விதைகளைக் கிளறிப் பார்த்தார். இரண்டாவதையும் உடைத்தார். அதற்குள் யாரோ போய் மைன் அதிகாரியான வெள்ளைக்காரத் துரையைக் கூட்டி வந்துவிட்டார்கள். துரை எங்கள் பாஷையில் பத்து வார்த்தை பேசுவார்; மீதியை அவருடைய குமாஸ்தா சொல்வார்.

குமாஸ்தா எடுத்துச் சொன்னார். பழத்துக்குள் கல்லைத் திணித்துக் கடத்துகிற புது வழியா என்று துரை கேட்கிறார். பழைய பாதையில் கோணிப்பை தொங்கியதை வேறு ஒருவர் சொல்லிவிட்டார். நான் சொல்வதற்கு ருசு இல்லாவிட்டால் நாளை முதல் எனக்கு வேலை கிடையாது. வேலை போனால் வீடும் போகும். அன்று மாலைக்குள் காலி செய்ய வேண்டும். திருடன் என்ற பெயரோடு வேறு மைனிலும் சேர முடியாது.

நான் என்ன சொல்ல? மாமனாருக்காகப் பழுக்க வைத்தேன் என்றேன். வரிசையில் நின்றவர்கள் இப்போது சிரிக்கவில்லை.

கேட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டம் சேர்ந்திருந்தது. அதை விலக்கிக்கொண்டு என் மனைவி வந்தாள். பக்கத்து வீட்டு அக்கா போய்ச் சொல்லியிருக்கிறாள். அதிரசத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையைக் கூடக் கழுவாமல் வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. அவள் வாயே திறக்க வேண்டாம். சும்மா நின்றாலே போதும், அவள் நினைத்தது நடந்துவிடும். எனக்கு இந்த ஊர் இல்லையென்றால் அவளோடு பாலாற்றங்கரைக்குத்தான் நான் போக வேண்டும். இனி ஒரு நாளும் சங்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அவள் துரையைப் பார்க்கவில்லை. என்னிடம் வந்தாள்.

"இத்த கீழயா வெச்சிருந்தீங்க?"

"ஆமா."

"எத்தினி நாளு?"

"மூணு."

"எதுக்கு?"

கோவணத்தோடு, அவிழ்ந்த குடுமியோடு, அத்தனை பேர் நடுவில் நின்றுகொண்டு சொன்னேன். "இந்த ஊர்ல பழம் பழுக்காதுன்னு சொன்னியே."

அவள் கல்லின் மேல் சிதறிக் கிடந்த இரண்டு பழங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காவல்காரர் பக்கம் திரும்பினாள். அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன் அவளிடம் கேட்டதில்லை.

"சீத்தாப்பழத்த தடியால அடிப்பாங்களா? உங்க வூட்ல பொம்பளைங்களே இல்லீங்களா?"

தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். தூக்கின் மூடியை முன்னால் வைத்தாள். ஒரு பழத்தை எடுத்து இரண்டு கட்டை விரலாலும் பிட்டாள். ஒரு பாதியைக் காவல்காரரிடம் நீட்டினாள். "தின்னு பாருங்க. கல்லு கடிச்சா சொல்லுங்க. கொட்டைய இதுல துப்புங்க."

அவர் துரையைப் பார்த்தார். குமாஸ்தா காதில் ஏதோ சொல்ல, துரை தலையை அசைத்தார். காவல்காரர் தடியை இடுக்கிக்கொண்டு பாதிப் பழத்தை வாங்கினார். அவள் மறு பாதியைத் தின்றாள். விதைகள் மூடியில் விழுந்தன. இரண்டாவது பழத்தைப் பிட்டாள். மூன்றாவது. மூன்றாவது பழத்துக்குக் காவல்காரர் தடியைச் சுவரில் சாத்திவிட்டுக் கீழே குந்திவிட்டார். நான்காவதற்கு அவராகவே கையை நீட்டினார்.

ஐந்தாவதும் முடிந்தது. அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஒண்ணுமில்லீங்க துரை. வெறும் பழந்தான்" என்றவர், சற்றுத் தயங்கி, "நல்ல பழங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

துரை மூடியிலிருந்து ஒரு விதையை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுப் போட்டார். யார் உத்தரவில் காய்களைக் கீழே கொண்டுபோனாய் என்று குமாஸ்தா மூலம் கேட்டார். இனிமேல் என் உடம்பும் சோற்றுத் தூக்கும் தவிர எது மேலே வந்தாலும் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வேட்டியைக் கட்டிக்கொண்டேன். குடுமியைக்கூட முடியாமல் அவளோடு கிளம்பினேன்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் எனக்கு முன்னால் போனாள். ஆவாரஞ்செடிகளைத் தாண்டியதும் நின்றாள்.

"நீங்க ஒண்ணு கூட தின்னலியே" என்றாள்.

"போவட்டும். எப்படி இருந்துச்சு?"

அதற்கு அவள் வேறு ஒன்றைக் கேட்டாள். "பானையில ஏழு நாளா பழுக்காதது அங்க மூணு நாள்ல பழுத்துச்சுன்னா... அவ்ளோ சூடா கீழ?"

நான் கீழே இருக்கிற சூட்டைப் பற்றி அவளிடம் சொன்னதே இல்லை. காற்றைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், பாறை வெயிலைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ஏற்கனவே பயந்துகொண்டிருந்தவளிடம் இதை ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டிருந்தேன். "பழகிப்போச்சு" என்றேன். அவள் முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டு அழுதாள். நடு வழியில் அப்படி நின்றோம். போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் விடிந்து நான் எழுந்தபோது அவள் வீட்டில் இல்லை. தீபாவளிக்கு நாலு நாள் லீவு வாங்கியிருந்தேன். அன்றுதான் லீவின் முதல் நாள். காலை ரயிலுக்குப் போய் மாமனாரை அழைத்து வந்தேன். குள்ளமான, வேகமாக நடக்கிற மனிதர். மகள் கடிதத்தில் எல்லாம் எழுதச் சொல்லி அனுப்பியிருப்பாள் போலிருக்கிறது. வீட்டுக்குள் வந்ததும் அவர் கண் நேராக மூலைக்குத்தான் போனது.

மூட்டை அங்கே இல்லை.

புடவைகளெல்லாம் கொடியில் தொங்கின. அவள் பின்பக்கம் இருந்து வந்தாள். கால் முழுக்கக் கரட்டு மண், கையில் முள் கீறல். மூட்டை கட்டிய அந்தப் பழைய துணியில் நிறையச் சீத்தாக்காய் பறித்துக்கொண்டு வந்திருந்தாள். எல்லாம் கண் திறந்த காய்கள். தரையில் வைத்து நாலு மூலையையும் சேர்த்து இறுக்கி முடிந்தாள்.

"துணிமணி எடுத்துக்கலியாம்மா?" என்று மாமனார் கேட்டார்.

"இன்னாத்துக்கு நைனா? ஒரு மாத்துப் பொடவை போதும். நாலு நாள்ல ரெண்டு பேரும் திரும்பிடணும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது இன்னா மூட்டை?" என்றார்.

"சீத்தாக்காய். அம்மாக்கு." அவள் மூட்டையைத் தூக்கி என் தலையில் வைத்தாள். "அங்க பழுக்குமோ இன்னாவோ, நைனா. இங்க நல்லா பழுக்குது."